வெள்ளானூரில் காணாமல் போன மோட்டார் சைக்கிள்

எங்கள் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் மிச்சமிருந்த கடைசி மோட்டார் சைக்கிளையும் ஏலத்தில் விட்டுவிட்டார்களாம். இனி எல்லாம் வேன்தான். ஓய்வு பெற்றோர் சங்கத்து மலருக்குக் கட்டுரை கேட்டு வீட்டுக்கு வந்த செயலாளர் சொன்னார். போகிற போக்கில், "அந்தக் காலத்து வண்டியில சாவியே கிடையாதாமே சார், வெளியூர்ல ராத்தங்கும்போது எப்படித் தூங்கினீங்க?" என்றும் கேட்டார்.

சரியாகத் தூங்கியதில்லை என்பதுதான் பதில். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும், வாசலில் யாராவது வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தால் அவர்கள் பேச்சில் எனக்குக் கவனம் நிற்பதில்லை. காது வாசலிலேயே இருக்கிறது. அன்றைக்கும் செயலாளர் காபியைக் குடித்து முடிப்பதற்குள், அவருடைய ஸ்கூட்டர் நின்ற இடத்தில் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எழுதினால் அவர் கேட்ட கட்டுரை ஆகிவிடும் என்று தோன்றியது.

நான் அம்பத்தூரில் பிறந்தவன். பெயர் செல்லப்பன். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், பட்டணத்தில் ஆயில் எஞ்சின் விற்கிற கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். முதல் சில வருஷங்கள் பட்டறையில் எஞ்சினைப் பிரிப்பதும் கழுவுவதும் திரும்பப் பூட்டுவதுமாகப் போயின. அதில் சொல்ல ஒன்றுமில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகியதும் வெளிவேலைக்கு அனுப்பினார்கள். பூந்தமல்லி, ஆவடி, திருவள்ளூர்ப் பக்கமெல்லாம் என் பொறுப்பு. ஏற்றம் போட்டு இறைத்துக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் ஒவ்வொருவராகக் கிணற்றுக்கு எஞ்சின் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். எஞ்சின் நின்றுபோனால் பயிர் வாடும். ஆபீசுக்குக் கடிதம் வரும். ஆபீசில் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். சீட்டில் இருக்கிற எஞ்சினை மட்டும் பார்க்க வேண்டும். பக்கத்துக் கிணற்றுக்காரர் காலில் விழுந்தாலும் தொடக் கூடாது. அதுதான் கம்பெனிச் சட்டம்.

அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. பட்டணத்தின் மேல் குண்டு விழும் என்று பயந்த காலம் அது. வண்டி விளக்கில் கறுப்புக் காகிதம் ஒட்டி, ஒரு கீற்று வெளிச்சம்தான் விட வேண்டும். அந்த வெளிச்சத்தில் குறுக்கே வருகிற மாட்டு வண்டிகூடத் தெரியாது. அதனால் பொழுது சாய்வதற்குள் வேலை முடியாவிட்டால் அந்த ஊரிலேயே தங்கிவிடுவோம். அதே சண்டையால் கப்பல் வருவது குறைந்து, டயர், பிளக், எஞ்சின் சாமான் எதுவும் கிடைக்காமல் போயிற்று. மோட்டார் சைக்கிளை முழுசாகத் திருட வேண்டியதில்லை. ஒரு சக்கரத்தைக் கழற்றினாலே வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. ஆவடிப் பக்கம் முகாம் கட்டுகிறார்கள் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். ரோட்டில் எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் யார், எவர் என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் சூப்பர்வைசர் அப்துல் கனி சாயபு. பூந்தமல்லிக்காரர். முந்தைய சண்டையில் பட்டாளத்தோடு பஸ்ராவுக்குப் போய், மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோனவர். ஒல்லியான மனிதர், சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் பட்டிருந்து நான் பார்த்ததில்லை. பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். கைகளைப் பார்ப்பார்.

"மூஞ்சி எத்தினி பொய் வேணும்னாலும் சொல்லும் நைனா. கைக்கு அந்தச் சாமர்த்தியம் கெடயாது" என்பார்.

டீக்கடையில் உட்கார்ந்தால் முதுகு சுவரில் இருக்கும். முன்னால் வண்டி தெரிய வேண்டும். வண்டியைத் தொட்டுப் பார்க்கிறவனை அவர் லட்சியம் செய்ய மாட்டார். "வண்டிய பாக்கறவன் ஆசப்பட்டு பாக்கறான். நீ எங்க படுக்கப் போறன்னு பாக்கறான் பாரு, அவன பாத்துக்கோ" என்பார்.

ராத்தங்குவதற்கு அவர் வைத்திருந்த முறை இது. வண்டியை நிறுத்தும்போது முதலில் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். உள்ளே சொட்டுப் பெட்ரோல் தங்கக் கூடாது. பிளக்குக்குப் போகிற ஒயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். முன் சக்கரம் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். சக்கரத்தில் சங்கிலி கோத்து, அசைக்க முடியாத ஒன்றோடு பிணைத்துப் பூட்ட வேண்டும். வண்டியைச் சுற்றி அடுப்புச் சாம்பலைத் தூவ வேண்டும். கால் வைத்தவன் தடம் தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, வீட்டுக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் வண்டியைக் கொட்டகைக்குள் விடக் கூடாது.

"ஏன் சார்? கொட்டகைக்குக் கதவு இருக்குமே" என்று கேட்டேன்.

"கதவு உனக்கா கீது? திருடனுக்கு கீது. சாத்திக்கினு சாவகாசமா கய்ட்டுவான். தெறந்த எடத்துல வெச்சா அவனுக்கும் பயம் இருக்கும்."

இந்த முறையைக் கேட்டுச் சிரித்த ஃபிட்டர்கள் உண்டு. நானும் மனதுக்குள் சிரித்தேன். ஐயப்பன்தாங்கல் சம்பவம் வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

ஐயப்பன்தாங்கலில் ஒரு தோட்டக்காரர் வீட்டில் தங்கியிருந்தேன். விடிந்து வந்து பார்த்தால் வண்டி நின்ற இடத்தில் நின்றது. சங்கிலி அப்படியே. சாம்பலில் தடம் இல்லை. ஆனால் முந்தின நாள் செம்மண் ரோட்டில் வந்த புழுதி முழுக்க வண்டி மேலிருந்து துடைக்கப்பட்டிருந்தது. டேங்க் பளபளவென்று இருந்தது. வீட்டில் ஒவ்வொருவராகக் கேட்டேன். யாரும் துடைக்கவில்லை. சாம்பலைப் புதிதாகத் தூவிவிட்டுப் போயிருக்கிறான் யாரோ.

ஒன்றும் போகவில்லையே என்று நான் சந்தோஷமாகச் சொன்னதைக் கேட்டு சாயபுவின் முகம் இருண்டுவிட்டது. என்ன சாப்பிட்டேன், யார் போட்டார்கள், யார் பாய் விரித்தார்கள், நாய் இருந்ததா என்று துருவித் துருவிக் கேட்டார். கடைசியில், "எத்தயாவது எட்த்துகினு போயிருந்தான்னா அவனுக்கு இன்னா வேணும்னு தெரிஞ்சிருக்கும். இது மோசம்" என்றார். அது யார், எதற்கு என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு அவர் சொன்ன முறையில் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. வெள்ளானூரிலும் விடவில்லை. அங்கேதான் வண்டி போயிற்று.

அது ஆடி மாதம். முத்தாபுதுப்பேட்டையில் ஒரு எஞ்சினைச் சரி செய்துவிட்டுக் கிளம்பும்போதே வெயில் இறங்கிவிட்டது. மறுநாள் வேலை வெள்ளானூர் தாண்டி. வெள்ளானூருக்குள் நுழையும்போது ஒரு பெண்பிள்ளை தண்ணீர்க் குடத்தோடு ரோட்டோரம் நின்று என் தோல்பையையே பார்த்தாள். பையில் கம்பெனி முத்திரை உண்டு.

"எஞ்சின் கம்பெனி ஆளா நைனா?"

"ஆமாம்மா."

"இருட்டிக்கினு வருதே. எங்க ஊட்டாண்ட தங்கிட்டு காலைல போயேன்."

கேட்பதற்கு முன்னாலேயே இடம் கொடுத்தால் சந்தேகப்படு என்பதும் சாயபு பாடம்தான். ஆனாலும் வேறு போக்கிடம் இல்லை. அவள் பெயர் கன்னியம்மாள். புருஷன் துலுக்காணம், சாதுவான மனிதர். எது கேட்டாலும் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். கன்னியம்மாளின் தம்பி ஏழுமலையும் அங்கே இருந்தான். முகாம் கட்டட வேலைக்கு மண் அடிப்பவன், வாட்டசாட்டமான ஆள். வண்டியை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "எங்க படுக்கப் போறே அண்ணாத்தே? உள்ளயா, வெளியவா?" என்று மட்டும் கேட்டான். சாயபு சொன்ன ஆள் இவன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியைக் கொட்டகையில் விடச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். வாசல் முற்றத்தில் மாடு கட்டுகிற கல் ஒன்று ஆழமாக நட்டிருந்தது. அந்தக் கல்லோடு சங்கிலியைப் பிணைத்தேன். ஒயரைக் கழற்றினேன். சாம்பல் தூவினேன். கன்னியம்மாள் எல்லாவற்றையும் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேழ்வரகுக் களி போட்டுவிட்டுக் கேட்டாள்: "எங்க கெணத்து எஞ்சினு நின்னுபோயி ரொம்ப நாளாவுது நைனா. ஒரு தபா பாத்துட்டுப் போறியா?"

"சீட்டு இல்லாம கை வைக்கக் கூடாதும்மா. ஆபீசுக்கு எழுதிப் போடுங்க."

"எழ்தினோம்" என்றாள். களிச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஊரில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் திருவிழா. பம்பை, உடுக்கை என்று விடிய விடிய ஒரே சத்தம். அந்தச் சத்தத்தில் நான் காதைத் தீட்டிக்கொண்டு படுத்து என்ன பிரயோசனம்? உடம்பு அசதி வேறு. தூங்கிவிட்டேன்.

விடிந்து கதவைத் திறந்தேன். முற்றம் சாணம் தெளித்து, பெரிய கோலம் போட்டு, பளிச்சென்று இருந்தது. வண்டி இல்லை. கல்லும் இல்லை.

நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. "பாவிங்க, கல்லோட புடுங்கிக்கினு போய்ட்டானுங்களே!" என்று கன்னியம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள். துலுக்காணம் மூலையில் போய் உட்கார்ந்துவிட்டார். ஏழுமலையைக் காணவில்லை. விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய்விட்டானாம். திருடன் யார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. முகாமில் லாரிகள் வந்து போகின்றன. இந்நேரம் என் வண்டி பல துண்டாகி ஏதோ ஒரு லாரியில் போய்க்கொண்டிருக்கும் என்றே நினைத்தேன். சண்டைக் காலத்தில் கம்பெனி வண்டி காணாமல் போனால் வேலை போவதோடு முடியாது. வண்டியை விற்றுவிட்டான் என்று ஜெயிலில் போடுவார்கள். அப்போது எனக்குக் கல்யாணமாகி மனைவி முழுகாமல் இருந்தாள்.

ஆவடி ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய் ஆபீசுக்குத் தந்தி கொடுத்தேன். பகல் ரயிலில் சாயபு வந்து இறங்கினார். என்னைக் கண்டதும் ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"கையக் காட்டு" என்றார்.

நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையைத் திறக்கச் சொல்லி ஒயரை எடுத்து முகர்ந்தார்.

"யாருக்குக் குடுத்தே?"

"சார்!"

"கேக்கறதுக்குப் பதில் சொல்லு. யாருக்குக் குடுத்தே?"

"என் பெண்டாட்டி மேல சத்தியமா யாருக்கும் கொடுக்கலை சார்." நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "சரி, நட" என்று முன்னால் நடந்தார். வெள்ளானூர் போகிற வழியில், காலையில் கதவைத் திறந்ததும் கண்டதையும் ஏழுமலையைப் பற்றியும் சொன்னேன். அந்த வழி முழுக்க அவர் மேல் எனக்கு எரிந்துகொண்டு வந்தது. ஏழுமலையைப் பற்றி நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டாரா என்பதுகூடத் தெரியவில்லை.

வீட்டு முற்றத்துக்கு வந்ததும் அவர் உள்ளே போகவில்லை. ஓரமாக நின்று சுற்றிலும் பார்த்தார். கொட்டகையை ஒட்டி வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று நின்றது. அதன் சக்கரத்தில் பசுவைக் கட்டியிருந்தார்கள். பசு வைக்கோலை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது.

"எங்க கட்டின?"

"இங்கேதான் சார். மாடு கட்டுற கல்லுல. கல்லோட பிடுங்கிட்டுப் போயிட்டாங்க."

"கல்லப் புடுங்கினா குழி இருக்குமே. குழி எங்க?"

நான் தரையைப் பார்த்தேன். காலையிலிருந்து அது எனக்குத் தோன்றவே இல்லை. சாயபு செருப்பைக் கழற்றிவிட்டுக் கோலத்தின் மேல் நடந்தார். கோலத்தை மிதிக்கிறாரே என்று கூட்டத்தில் யாரோ முனகினார்கள். நடுப்பகுதிக்கு வந்ததும் அவர் குதிகால் மண்ணுக்குள் அமுங்கியது. அங்கேயே நின்றுகொண்டார்.

"கோலம் போட்டது யாரு?"

"நான்தான்" என்றாள் கன்னியம்மாள்.

"இவன் வண்டி காணோம்னு கத்தினதுக்கு முன்னாலயா, அப்பாலயா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"முன்னாலதான். ஏன்னா, இவன் கதவத் தெறக்கும்போதே கோலம் இருந்துது. வந்த திருடன் கல்லப் புடுங்கி, குழிய மூடி, மெழுகிட்டாப் போனான்? வண்டி நின்ன எடம் காலியா கீது. அத பாத்துட்டு கூச்சல் போடாம கோலம் போட்டுட்டு உள்ள போய்ட்டியாம்மா நீ?"

துலுக்காணம் எழுந்து வந்து கைகளைக் கூப்பினார். "சாமி, அவ பொம்பள, தெரியாம…" கன்னியம்மாள் அவரைக் கையால் விலக்கினாள்.

"தெரிஞ்சிதான் செஞ்சேன். நான்தான் எட்த்தேன். என் தம்பியும் இன்னும் நாலு பேரும் தூக்கினாங்கோ. சொன்னது நானு."

எங்கள் முறை முழுவதும் ஒருவன் வண்டியை ஓட்டிக்கொண்டோ தள்ளிக்கொண்டோ போவதைத் தடுப்பதற்கு. அலாக்காகத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று சாயபுகூட நினைத்ததில்லை.

"ஆவடி போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பட்டா?" என்றார் சாயபு. "ஊட்ல கீற ஆம்பளைங்க அத்தினி பேரையும் இட்டுகினு போவாங்க."

"அனுப்பு. போலீஸ் வரட்டும். வர்றதுக்குள்ள எங்கூட வந்து ஒன்னு பாத்துடு."

அவள் விடுவிடுவென்று நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். கிணற்று மேட்டில் சாக்குப் போட்டு மூடிய எஞ்சின் இருந்தது. சாக்கை இழுத்து எறிந்தாள். எஞ்சினில் பியூயல் பம்ப் இருக்க வேண்டிய இடத்தில் பம்ப் இல்லை. போல்ட் துளைகளில் துணி சுருட்டி அடைத்திருந்தது. எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்டுவது அந்தப் பம்ப்தான். அது இல்லாவிட்டால் மிச்சமெல்லாம் வெறும் இரும்பு.

"இவன் மாதிரியே தோல்பை மாட்டிக்கினு உங்க ஆளு ஒருத்தன் வந்தான். ரிப்பேரு கீதுன்னான். ஓடிக்கினு இருந்த எஞ்சினு, சாயபு. ஓடிக்கினு இருந்துது. ஒரு வாரத்துல எத்துகினு வரேன்னு கய்ட்டிகினு போனான். போனவன் போனவன்தான். எழ்திப் போட்டோம். இவரு பட்டணத்துக்கே நடையா நடந்தாரு. வாசல்லயே தொரத்திட்டானுங்க. நேத்து உங்க ஆளு வழில வரான். அம்மன்தான் அனுப்புனான்னு நெனச்சேன். அவன் சீட்டு இல்லன்றான். இத்தயும் உட்டுட்டா அப்பால நான் யாரப் புடிக்கிறது?"

கிணற்றுக்கு அந்தப் பக்கம் நாற்றங்கால். நாற்று நுனி கருகி மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. மண் வெடித்திருந்தது. குடம் குடமாகச் சுமந்து ஊற்றிய இடம் மட்டும் ஒரு மூலையில் பச்சையாக இருந்தது.

நான் சாயபுவைப் பார்த்தேன். அவரிடம் கற்ற பழக்கம். முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"சத்தியமா சொல்லு சாயபு. அது ரிப்பேர்லயா கீது?" என்றாள்.

பொய் சொல்வது சுலபம். ஆமாம், கப்பல் வரவில்லை, சாமான் வந்ததும் தருகிறோம் என்று சொன்னால் அவளால் என்ன செய்ய முடியும்? சாயபு நாற்றங்காலைப் பார்த்தார்.

"இல்லம்மா. ரிப்பேரே கெடயாது. பெரிய கான்ட்ராக்டர் ஒர்த்தரு எஞ்சினுக்கு அவசரமா பம்ப் வேண்டியிருந்துது. புதுசு கெடைக்கல. கிராமத்துல இருந்து கய்ட்டிகினு வான்னு மேனேஜர் சொன்னாரு. ஆள அனுப்புனது நான்தான்."

கூட்டம் நெருங்கி வந்தது. கன்னியம்மாள் ஆத்திரப்படுவாள் என்று நினைத்தேன். அவள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"அப்ப போலீஸ கூப்புடு. ரெண்டு திருட்டையும் ஒன்னாவே சொல்லிப்புடலாம்."

சாயபு போலீசைக் கூப்பிடவில்லை. பம்பைக் கொண்டுவந்தால் வண்டி கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்றாள். முதலில் வண்டியைக் காட்டச் சொன்னார். முதலில் பம்பைக் காட்டு என்றாள். வண்டி முழுசாக இருக்கிறது என்று எப்படி நம்புவது என்றார். நீ திரும்பி வருவாய் என்று நான் எப்படி நம்புவது என்றாள். கடைசியில் என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போவதென்று முடிவாயிற்று. என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. சாயபு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார்.

என் வேலைக்காலத்தில் நான் பட்ட பெரிய சோதனை அந்தக் காத்திருப்புதான். வேலைக்குப் போனவன் என்று சொன்ன ஏழுமலை எங்கிருந்தோ வந்து எதிரில் குந்திக்கொண்டான். கூழ் கொண்டுவந்து வைத்தார்கள், மரியாதையாகத்தான் நடத்தினார்கள். எனக்கு இறங்கவில்லை. சாயபு போலீசோடு வருவார் என்று ஒரு சமயம் தோன்றும். வரவே மாட்டார், வண்டியை நான் விற்றதாக எழுதிக் கொடுத்துவிட்டு அவர் தப்பித்துக்கொள்வார் என்று ஒரு சமயம் தோன்றும். எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னாரே, அதுவே அங்கிருந்து நழுவுவதற்கு ஒரு தந்திரமோ? அவரிடம் கற்ற பாடத்தை வைத்துப் பார்த்தால் அவரையும் நம்ப வழியில்லை.

"உங்க சாயபு வருவாரா?" என்று ஏழுமலை கேட்டான்.

"தெரியாது" என்றேன். "நீ ஏன் நான் படுக்கிற இடத்தைக் கேட்டே?"

"உள்ள படுத்தா தூக்கறதுக்கு ஈசி. வெளிய படுத்தா உன்னையும் பாயோட தூக்கணும்" என்றான். அவன் சிரிக்கவில்லை.

அன்றைக்கு முழுவதும் அவர் வரவில்லை. மறுநாள் வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில், ரோட்டில் ஒல்லியாக ஓர் உருவம் தெரிந்தது. பின்னால் யாராவது வருகிறார்களா என்று நானும் ஏழுமலையும் சேர்ந்தே எட்டிப் பார்த்தோம். யாரும் இல்லை. தனி ஆள். தோளில் போட்டுப் போன துண்டு இப்போது கையில் மூட்டையாக இருந்தது.

அந்தப் பம்ப் எங்கிருந்து வந்தது என்பதை நான் ஆபீசுக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆபீஸ் முன்புறம் கண்ணாடிக்குப் பின்னால் பார்வைக்கு ஒரு எஞ்சின் வைத்திருப்பார்கள். வாடிக்கைக்காரர்களுக்கு ஓட்டிக் காட்டுகிற எஞ்சின். அதிலிருந்து சாயபு கழற்றியிருக்கிறார்; பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க. விசாரணை நடந்தது. யார் எடுத்தது என்று கேட்டதற்கு "நான்தான்" என்றாராம். எதற்கு என்று கேட்டதற்குக் கான்ட்ராக்டர் எஞ்சின் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாராம். மேனேஜர் விசாரணையை அதோடு நிறுத்திவிட்டார். வேலை போகவில்லை. சூப்பர்வைசர் பதவி போயிற்று. வேலையை விட்டு விலகும்வரை கிடங்கில் சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு கிராமத்து எஞ்சினிலிருந்து எதையும் கழற்றிவரச் சொல்லி எங்களுக்கு யாரும் சீட்டுக் கொடுக்கவில்லை.

அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. பம்பைப் பூட்டினோம். எப்போதும் பக்கத்தில் நின்று குறை சொல்கிற சாயபு, தானே ஸ்பேனரைப் பிடித்தார். பைக்குள் போன கைகள் இப்போது எண்ணெயில் தோய்ந்திருந்தன, சட்டையிலும் எண்ணெய். எஞ்சினைச் சுற்றினேன். இருமியது, புகைந்தது, நின்றது. குழாயில் காற்று இருந்தது. காற்றை எடுத்துவிட்டு மறுபடி சுற்றினேன். பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் தொட்டியில் தண்ணீர் கலங்கலாக வந்து விழுந்தது.

கன்னியம்மாள் தண்ணீரில் கை வைக்கவில்லை. வாய்க்காலோடு கூடவே நடந்தாள். தண்ணீர் நாற்றங்காலின் கடைசி வரப்பு வரை போய்ச் சேருவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். வந்து பம்பின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் திருகிப் பார்த்தாள்; எதுவும் அசையவில்லை. சாயபு அதைக் கவனித்துக்கொண்டே நின்றார்.

பிறகுதான் தம்பிக்குத் தலையசைத்தாள். ஏழுமலை பசுவை அவிழ்த்துவிட்டு, மாட்டு வண்டியிலிருந்து வைக்கோலைத் தள்ளினான். அடியில் என் மோட்டார் சைக்கிள் படுத்திருந்தது. சங்கிலியும் அதன் முனையில் மாடு கட்டும் கல்லும் அப்படியே. காத்திருந்த நேரம் முழுக்க அந்த மாட்டு வண்டியின் நிழலில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

இறக்கி நிறுத்தினார்கள். சாயபு குனிந்து சக்கரம், செயின், பிளக், விளக்கு என்று ஒன்றுவிடாமல் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை. நான் ஒயரை மாட்டினேன். அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். துலுக்காணம் மறுபடி கைகளைக் கூப்பினார். கன்னியம்மாள் நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. வண்டியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வண்டிய பத்தரமா பாத்துக்க சாயபு. இந்தப் பக்கம் திருடனுங்க ஜாஸ்தி."

"தெரியும்மா" என்றார் சாயபு. "ரெண்டு பேரு இதோ இந்த வண்டிலயே போய்க்கினு கீறோம்."